காது கேக்காத புள்ளைங்க ஃபைலையும் ஜீன் ரிப்போர்ட்டையும் ஒட்டி ரிசர்ச்சுக்கு குடுக்குறது எப்படி

நான் வட சென்னைல ஒரு ஆஸ்பத்திரில, காது மூக்கு தொண்டை பிரிவுல நடக்குற ஒரு ஸ்டடிக்கு கோஆர்டினேட்டர். டாக்டர் இல்ல, புரோகிராமரும் இல்ல, பி.எஸ்சி முடிச்சுட்டு வந்து எக்ஸெல் முன்னாடி உக்காந்தவன். பொறந்ததுல இருந்தே காது கேக்காத குழந்தைங்களோட ஓபி ஃபைல் ஒரு பக்கம், அதே குழந்தைங்க ரத்தத்துல பண்ண ஜீன் டெஸ்ட் இன்னொரு பக்கம், இது ரெண்டையும் ஒட்டி, யாரு எவருன்னு தெரியாம பண்ணி, வெளில ரிசர்ச் பண்றவங்களுக்கு குடுக்குறது தான் வேலை. புதுசா சேர்ற பசங்க எல்லாரும் மொத நாள் கேக்குறது "எந்த சாஃப்ட்வேர்ண்ணா?" அதான். சாஃப்ட்வேர பத்தி கடைசில ரெண்டு வரி சொல்றேன், அதுக்கு மேல அதுக்கு மரியாதை கெடையாது. இந்த வேலைல தலைவலி எல்லாம் காலி கட்டத்துல தான் இருக்கு. ஒரு கட்டம் காலியா கெடந்தா அது "இல்ல"யா, "பாக்கல"யா, "கேக்கவே இல்ல"யா, "சொல்ல மாட்டேன்னுட்டாங்க"ளா? நாலும் நாலு விஷயம். நீங்களா ஊகிச்சு நெரப்புனீங்கன்னா அங்க இருந்து எல்லாமே கோணல்.

ஏன் ரெண்டையும் ஒட்டணும்னு ஒரு உதாரணம் சொல்லிடறேன், ஏன்னா இது புரியலன்னா மத்தது எல்லாம் வெட்டி கிளார்க் வேலை மாதிரி தோணும். செல்லுக்குள்ள சக்தி தர்ற மைட்டோகாண்ட்ரியாவுக்கு தனியா இருக்குற டிஎன்ஏல 1555ஆவது எடத்துல ஏங்குற எழுத்து இருக்கணும், செல பேருக்கு அங்க ஜி இருக்கும். அவங்க சும்மா இருந்தா காது ஓரளவு ஓடிட்டு இருக்கலாம், ஆனா ஜென்டாமைசின், அமிக்காசின், ஸ்ட்ரெப்டோமைசின் மாதிரி ஊசி போட்டா காது போயிடுற ஆபத்து ரொம்ப அதிகம். ஜீன் ரிப்போர்ட்ல 1555 மட்டும் தான் இருக்கும், ஊசி போட்ட விஷயம் இருக்காது. ஊசி போட்டது பச்சக்குழந்தை வார்டு டிஸ்சார்ஜ் சம்மரில மூணாவது பக்கத்துல ஒரு மூலைல இருக்கும், அங்க ஜீன் பத்தி ஒன்னும் இருக்காது. மைட்டோகாண்ட்ரியா அம்மா கிட்ட இருந்து மட்டும் தான் வரும், அதனால அந்தம்மா, அவங்க கூடப்பொறந்த அக்கா தங்கச்சிங்க, அந்த அக்கா தங்கச்சிங்களோட புள்ளைங்க எல்லாருக்கும் இந்த விஷயம் சொல்ல வேண்டியது. தனித்தனியா ரெண்டு பீரோல ரெண்டு காகிதம் இருந்தா இது எதுவும் நடக்காது.

சரி, வேலைக்கு வருவோம். மொதல்ல சம்மத படிவம். ஃபைல் இருக்கு, டேட்டா இருக்கு, அப்புறம் பாத்துக்கலாம்னு ஆரம்பிக்காதீங்க, ஏன்னா படிவத்துல இல்லாதத அப்புறம் எவ்ளோ நல்ல மனசோட செஞ்சாலும் தப்பு தப்பு தான். ஐசிஎம்ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில், 2017ல போட்ட வழிகாட்டுதல் தான் இங்க அடிப்படை, அத எத்திக்ஸ் கமிட்டி அப்படியே கேப்பாங்க. அம்மா அப்பா கையெழுத்து வேணும், குழந்தைக்கு 7ல இருந்து 12 வயசுன்னா வாயால ஒத்துக்கணும், 12க்கு மேல 18 வரைக்கும்னா எழுத்துல. காது கேக்காத புள்ளைக்கு வாயாலன்னா எப்படின்னு கேக்குறீங்களா? சைகை தெரிஞ்சவங்கள பக்கத்துல உக்கார வெச்சு தான், அத புரோட்டோகால்லயே, அதாவது ஸ்டடி திட்டத்துலயே எழுதிடுங்க. 2023ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவு பாதுகாப்பு சட்டமும் 18 வயசுக்கு கீழன்னா பெத்தவங்க சம்மதத்த கேக்குது. ஆராய்ச்சிக்கு அதுல ஒரு விலக்கு இருக்கு, ஆனா அது நிபந்தனையோட வர்ற விலக்கு. அத காட்டி "எங்களுக்கு எதுவும் பொருந்தாது"ன்னு சொல்ற ஆளுங்கள பாத்திருக்கேன், அவங்க பேச்ச கேக்காதீங்க.

படிவத்துல ஒரே கையெழுத்துல எல்லாத்தையும் அடைக்காதீங்க. ரத்தத்த எடுத்து வெச்சுக்கலாமா, இந்த ஸ்டடிக்கு மட்டுமா இல்ல வேற காது ஆராய்ச்சிக்கும் ஓகேவா, நம்ம நாட்டுக்குள்ள வேற எடத்துக்கு குடுக்கலாமா, வெளிநாட்டுக்கு குடுக்கலாமா, மருந்து கம்பெனிக்கு குடுக்கலாமா, ஏதாச்சும் தெரிஞ்சா உங்கள திரும்ப கூப்புடலாமா, ஒவ்வொன்னுக்கும் தனித்தனியா ஆமா/வேணாம் கட்டம் வைங்க. இப்ப முக்கியமான விஷயம், ஒரு கட்டத்துல ரெண்டுல எதையும் டிக் பண்ணாம விட்டிருந்தா அது "வேணாம்". போன் பண்ணி கேட்டு எழுதுற வரைக்கும் வேணாம் தான். நிறைய பேரு "கையெழுத்து போட்டிருக்காங்களே, அப்ப ஓகே தானே"ன்னு ஆமான்னு போட்டுடறாங்க.

படிவத்த படிச்சு காட்டுறது எப்பவுமே கொஞ்ச நேரம் எடுக்கும், அந்த நேரத்த ஒதுக்குங்க. காசிமேட்டுல இருந்து வந்த ஒரு அக்கா எங்கிட்ட கேட்டாங்க, "தம்பி, இந்த டப்பால டிக்கு போடலன்னா எம் புள்ளைக்கு மிஷின் வெக்க மாட்டாங்களா?" மிஷின்னு அவங்க சொன்னது காக்ளியர் இம்பிளான்ட், ஆபரேஷன் பண்ணி காதுல வெக்கிற கருவி, 6 வயசுக்குள்ள முதலமைச்சர் காப்பீட்டு திட்டத்துல வெக்கிறாங்களே அது. "இல்லக்கா, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, இதுல எல்லாத்துலயும் வேணாம்னு போட்டாலும் மிஷின் வரும்"னு மூணு தடவ சொன்னதுக்கு அப்புறம் தான் அவங்க மூஞ்சி தெளிஞ்சுது. அந்த பயம் கேக்காமயே எல்லாரு மனசுலயும் இருக்கும், அதனால அவங்க கேக்குறதுக்கு முன்னாடியே நீங்க சொல்லிடுங்க. படிக்க தெரியாதவங்கன்னா கைரேகை, கூட ஸ்டடில சம்பந்தப்படாத ஒரு சாட்சி.

அடுத்தது, இது தான் பெரிய மாரடிப்பு, ஒரே குழந்தைய ரெண்டு எடத்துலயும் கண்டுபுடிக்கிறது. புள்ள பொறந்த உடனே எடுத்த காது ஸ்கிரீனிங் எல்லாம் அம்மா பேர்ல இருக்கும், "பேபி ஆஃப் செல்வி"ன்னு. ஆறு மாசம் கழிச்சு ஓபிக்கு வரும்போது புள்ளைக்கு பேரு வெச்சிருப்பாங்க, அந்த பேருல புது ஓபி சீட்டு. லேப்ல ரத்தம் குடுக்கும்போது அப்பாவோட இனிஷியல் முன்னாடி வந்து, பேரு இங்கிலீஷ்ல வேற ஸ்பெல்லிங். மூணும் ஒரே புள்ள. பேர வெச்சு ஒட்டலாம்னு நெனச்சா வண்ணாரப்பேட்டைல மட்டும் எத்தன செல்வி இருப்பாங்கன்னு யோசிச்சு பாருங்க. போன் நம்பர வெச்சு ஒட்டலாம்னா அது அப்பா நம்பர், இல்ல பக்கத்து வூட்டு நம்பர், இல்ல இப்ப வேற யாரோட நம்பரோ. கொஞ்சம் நம்பகமானது பிக்மீ நம்பர், அதாவது அம்மா கர்ப்பத்த அரசாங்கத்துல பதியும்போது வர்ற நம்பர், பொறப்பு சர்டிபிகேட்டுக்கு கேப்பாங்கன்னு அம்மாங்க அத பத்திரமா வெச்சிருப்பாங்க. ஆனா இரட்டை புள்ளைங்கன்னா ரெண்டுக்கும் அதே நம்பர், பாத்துக்கோங்க. ஆபா நம்பர், அதாவது மத்திய அரசோட டிஜிட்டல் சுகாதார ஐடி, 14 இலக்கம், இருந்தா நல்லது, எல்லாரு கிட்டயும் இருக்காது. அதனால ஒன்ன மட்டும் நம்பாம பொறந்த தேதி, அம்மா பேரு, ஆம்பளையா பொம்பளையா, பிக்மீ, இதுல குறைஞ்சது மூணாவது ஒத்துப்போனா தான் ஒட்டுங்க. ரெண்டு தான் ஒத்துப்போகுதுன்னா "சந்தேகம்"னு தனியா ஒதுக்கி வெச்சு, அடுத்த தடவ அவங்க வரும்போது நேர்லயே கேளுங்க. கம்ப்யூட்டர்ல உக்காந்துகிட்டு தீத்து வைக்க முடியாது இத.

ரத்தம் எடுக்கும்போதே ட்யூப்ல ஸ்டடி நம்பர் ஸ்டிக்கர ஒட்டி, அதே ஸ்டிக்கரோட ஜோடிய ஓபி ஃபைல் அட்டைல ஒட்டிட்டா மேல சொன்ன பாதி கூத்து இருக்காது. இனிமே ஆரம்பிக்கிறவங்க அப்படியே பண்ணுங்க. நாங்க பண்ணல, அதான் இவ்ளோ புலம்பல்.

எக்ஸெல் பத்தி ஒரு எச்சரிக்கை. 00417னு ஓபி நம்பர் அடிச்சா அது முன்னாடி இருக்குற சைபர சாப்ட்டுடும். 14 இலக்க ஆபா நம்பர 1.2இ+13ன்னு சுருக்கி காட்டும், அப்படியே சிஎஸ்வில சேவ் பண்ணா நம்பர் போச்சு. 16 இலக்க பார்கோடுன்னா 15க்கு மேல இருக்குறத சைபர் ஆக்கிடும். செப்ட்2, மார்ச்1ன்னு பேர் வெச்ச ஜீன்கள அது தேதின்னு நெனச்சு செப்டம்பர் 2, மார்ச் 1ன்னு மாத்தி வெச்சு, அந்த தப்போடயே நிறைய ஆராய்ச்சி கட்டுரைங்க வெளியாகி, கடைசில 2020ல ஜீன்களுக்கு பேர் வெக்கிற கமிட்டியே ஜீனோட பேர மாத்திட்டாங்க. எக்ஸெல மாத்த முடியல, ஜீன் பேர மாத்திட்டாங்க, யாரு பெரியவன்னு பாத்துக்கோங்க. எல்லா காலத்தையும் (காலம்னா எக்ஸெல்ல மேல இருந்து கீழ போற பத்தி, column) மொதல்லயே டெக்ஸ்ட்னு செட் பண்ணிட்டு அப்புறம் பேஸ்ட் பண்ணுங்க. இன்னொன்னு, இது என் சொந்த கேவலம், ஒரு தடவ ஓபி நம்பர் காலத்த மட்டும் செலக்ட் பண்ணி வரிசைப்படுத்துற சார்ட் (sort) குடுத்துட்டேன், மத்த காலம் எல்லாம் அப்படியே நின்னுடுச்சு. எல்லா வரிலயும் எல்லா கட்டமும் நெரம்பி தான் இருந்துச்சு, பாக்க அழகா, ஆனா ஒவ்வொரு புள்ளைக்கும் வேற புள்ளையோட காது. ரெண்டு நாள் கழிச்சு, இம்பிளான்ட் வெச்ச ஒரு பொண்ணுக்கு நார்மல் ஹியரிங்னு காட்டுனப்ப தான் தெரிஞ்சுது. பழைய காப்பி பென் டிரைவ்ல இருந்ததால வேலை தப்பிச்சுது. அன்னைல இருந்து ஒரிஜினல் ஃபைல் ரீட் ஒன்லி, காப்பில தான் கை வெக்கிறது.

இப்ப ஓபி ஃபைல்ல இருந்து என்ன எடுக்கணும். பெரா டெஸ்ட் (சத்தம் குடுத்து மூளைக்கு போற அலைய பாக்குறது), ஆடியோகிராம் (எவ்ளோ சத்தம் கேக்குதுன்னு காட்டுற கிராஃப்), வலது இடது காதுக்கு தனித்தனியா டெசிபல். வார்த்தைய எழுதாதீங்க, நம்பர எழுதுங்க. ஏன்னா 38 டெசிபல்னா உலக சுகாதார நிறுவனத்தோட பழைய அட்டவணைல "லேசான" குறை, 2021ல அவங்களே போட்ட புது அட்டவணைல அது "மிதமான" குறை. ஃபைல்ல டாக்டர் மைல்டுன்னு மட்டும் எழுதியிருந்தா எந்த அட்டவணைன்னு ஆண்டவனுக்கு தான் வெளிச்சம். அடுத்து, 90 டெசிபல்ல சத்தம் குடுத்தும் அலை வரலன்னா "நோ ரெஸ்பான்ஸ்"னு இருக்கும். அத காலியா விட்டு, சாஃப்ட்வேர் அத 0ன்னு எடுத்துகிச்சுன்னு வைங்க, 0 டெசிபல்னா என்ன அர்த்தம்? காது பிரமாதமா கேக்குதுன்னு அர்த்தம். சுத்தமா கேக்காத புள்ள ஒரே நொடில ஊருலயே நல்லா கேக்குற புள்ளையா ஆயிடும். சரி, காலியா விட வேணாம்னு 999ன்னு போட்டு வெச்சா, அப்புறம் யாரோ ஒருத்தர் சராசரி எடுத்து நம்ம பசங்களுக்கு 400 டெசிபல்னு கிராஃப் போட்டு கொண்டு வருவாரு. நம்பர் காலத்துல நம்பர் மட்டும், பக்கத்துலயே இன்னொரு காலம் போட்டு ஏன் காலின்னு காரணம்: ரெஸ்பான்ஸ் இல்ல, டெஸ்ட் பண்ணல, புள்ள அழுது பாதில நின்னுது, ரிப்போர்ட் தொலஞ்சுது.

மத்த அறிகுறிகளுக்கும் இதே கதை. முன் முடி வெள்ளையா இருக்கா, கண்ணு ரெண்டும் ரெண்டு கலரா, மாலைக்கண் இருக்கா, இசிஜில க்யூடிங்குற இதயத்துடிப்பு இடைவெளி நீளமா இருக்கா, இதுல எது காது கேளாமையோட சேந்து வருதுன்னு பாத்தா தான் எந்த சிண்ட்ரோம்னு தெரியும். ஃபைல்ல கண்ண பத்தி ஒன்னும் எழுதலன்னா கண்ணு நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்ல, யாரும் கண்ண பாக்கலன்னு தான் அர்த்தம். ஹெச்பிஓன்னு ஒரு பொது அகராதி இருக்கு, ஒவ்வொரு அறிகுறிக்கும் ஒரு எண். ஹெச்பி:0000407ன்னா நரம்பு சார்ந்த காது கேளாமை, ஹெச்பி:0000405ன்னா வெளிக்காது நடுக்காது வழியா சத்தம் உள்ள போகாத வகை. நீங்க எண்ண போட்டா பெர்லின்ல இருக்குறவனுக்கும் ஒன்னு தான், பெரம்பூர்ல இருக்குறவனுக்கும் ஒன்னு தான். எண்ணோட கூட இருக்கு, இல்ல, பாக்கல, மூணுல ஒன்னு கண்டிப்பா.

சொந்தத்துல கல்யாணமாங்குற கேள்விக்கு கொஞ்சம் நின்னு பேசணும். படிவத்துல இத ஆமா/இல்லன்னு ஒரே கட்டமா வெச்சிருப்பாங்க. அது எதுக்கும் ஒதவாது. தாய்மாமன கட்டுனவங்களோட புள்ளைக்கு ஒரு மரபணுவோட ரெண்டு காப்பியும் ஒரே மூதாதை கிட்ட இருந்து வர்ற வாய்ப்பு எட்டுல ஒன்னு, அத்தை பையன் மாமா பையன கட்டுனவங்க புள்ளைக்கு பதினாறுல ஒன்னு. ரெண்டும் ஒன்னா? இதுல என்ன கூத்துன்னா இங்கிலீஷ் படிவத்துல அங்கிள், கசின் தான் இருக்கும், நம்மாளுங்க மாமான்னு சொன்னா அது தாய்மாமனா இருக்கலாம், அத்தை வூட்டுக்காரரா இருக்கலாம், புருஷனையே மாமான்னு கூப்புடறவங்களா இருக்கலாம். "சொந்தமா?"ன்னு கேட்டா "தூரத்து சொந்தம் தான்"னு முடிச்சுடுவாங்க. நான் கேக்குற கேள்வி வேற: "கல்யாணத்துக்கு முன்னாடி உங்க மாமியார எப்படி கூப்புடுவீங்க?" "எங்க ஆயா தான் எம் மாமியாரு"ன்னா தாய்மாமன கட்டியிருக்காங்க, முடிஞ்சுது. "அத்தை"ன்னா இன்னொரு கேள்வி, உங்கப்பா கூடப்பொறந்தவங்களா இல்ல உங்க மாமாவோட சம்சாரமா. ரெண்டும் கணக்குல பதினாறுல ஒன்னு தான், ஆனா பெடிக்ரீல, அதாவது குடும்ப வரைபடத்துல, கோடு அப்பா பக்கமா அம்மா பக்கமாங்குறது மாறும். "கூடப்பொறந்த"ங்குற வார்த்தைய விடாதீங்க, ஏன்னா ஒன்னு விட்டது ரெண்டு விட்டது எல்லாமே பேச்சுல அண்ணன் தம்பி தான். ரெண்டு தலைமுறைக்கு முன்னாடியும் இதே மாதிரி நடந்திருந்தா அதையும் வரைங்க. ஆயா கூட வந்திருந்தா அவங்கள கேளுங்க, அம்மாவ விட அவங்களுக்கு தான் எல்லாம் தெரியும்.

ஜீன் பக்கம். லேப்ல இருந்து பிடிஎஃப் ரிப்போர்ட் மட்டும் வாங்கிட்டு வந்துடாதீங்க. பிடிஎஃப்ல அவங்களுக்கு முக்கியம்னு பட்ட ஒன்னு ரெண்டு மாற்றம் மட்டும் தான் இருக்கும். கண்டுபுடிச்ச எல்லா மாற்றத்தோட பட்டியலான விசிஎஃப் ஃபைலும், முடிஞ்சா அதுக்கு முன்னாடி கட்டத்து, மிஷின் படிச்ச எழுத்துங்க அப்படியே இருக்குற ஃபாஸ்ட்க்யூ ஃபைலும் தரணும்னு ஆர்டர் குடுக்கும்போதே எழுத்துல வாங்கிக்கோங்க. அப்புறம் கேட்டா டெலிட் ஆயிடுச்சும்பாங்க. வாங்குன உடனே பாக்க வேண்டியது, ஒப்பிட எடுத்த மனுஷ ஜீனோம் வரைபடம் எந்த வெர்ஷன். ஹெச்ஜி19ஆ ஹெச்ஜி38ஆ? நம்ம நாட்டுல பொறவி காது கேளாமைல அதிகமா பாக்குற ஜிஜேபி2 ஜீனோட சி.71 ஜி>ஏ மாற்றத்தையே (71ஆவது எடத்துல ஜிக்கு பதிலா ஏ) எடுத்துக்கோங்க. ரெண்டு வெர்ஷன்லயும் அதே 13ஆம் குரோமோசோம் தான், ஆனா எட எண் அஞ்சு லட்சத்துக்கும் மேல தள்ளி இருக்கும். ஒரு லேப் 19லயும் இன்னொரு லேப் 38லயும் குடுத்து, நீங்க எண்ண வெச்சு ஒட்டுனா ரெண்டு புள்ளைக்கும் ஒரே மாற்றம் இருந்தும் ஒத்தே போகாது. இன்னொரு குழப்பம், அந்த ஜீன் எதிர் இழைல இருக்கு, அதனால ரிப்போர்ட்ல ஜி>ஏன்னு இருக்குறது விசிஎஃப்ல சி>டின்னு தான் இருக்கும். மொத தடவ பாத்தப்ப லேப்காரன் தப்பு பண்ணிட்டான்னு மெயில் எல்லாம் போட்டேன், அப்புறம் மன்னிப்பு மெயில் ஒன்னு போட்டேன்.

விசிஎஃப்ல 0/1ன்னா மாற்றம் ஒரு காப்பில மட்டும், 1/1ன்னா ரெண்டுலயும். ஜிஜேபி2 மாதிரி ஜீன்ல பெரும்பாலும் ரெண்டு காப்பியும் கெட்டா தான் காது போகும், அதனால இந்த ரெண்டு எழுத்த மாத்தி காப்பி பண்ணா நோயாளி கேரியர், அதாவது நோய் இல்லாம மாற்றத்த மட்டும் சுமக்குறவன், ஆயிடுவான். இதுலயும் அதே காலி கட்டம் பிரச்சனை வருது. சாதா விசிஎஃப்ல மாற்றம் இருக்குற எடம் மட்டும் தான் வரும். ஒரு எடம் அதுல இல்லன்னா, அங்க எல்லாம் சரியா இருக்குன்னும் இருக்கலாம், அந்த எடத்த லேப் மிஷின் படிக்கவே இல்லன்னும் இருக்கலாம். ஜிவிசிஎஃப்னு கேட்டு வாங்குனா படிச்ச எடம் படிக்காத எடம் பிரிஞ்சு தெரியும். கொஞ்சம் பெரிய ஃபைல், பரவால்ல. 1555 பத்தி பேசணும்னா அந்த பேனல்ல (ஒரே டெஸ்ட்ல பாக்குற ஜீன் தொகுப்பு) மைட்டோகாண்ட்ரியா சேத்திருக்காங்களான்னும் கேளுங்க, நிறைய பேனல்ல இருக்காது. "நெகட்டிவ்"னு ரிப்போர்ட் வந்துடும், பாக்கவே இல்லாதத நெகட்டிவ்னு நீங்க எழுதி வெச்சுடுவீங்க.

மாற்றத்துக்கு குடுக்குற அஞ்சு தர வகை, நோய் உண்டாக்கும்ல இருந்து தீங்கில்லாதது வரைக்கும், 2015ல அமெரிக்க மருத்துவ மரபியல் கல்லூரி (காலேஜ் இல்ல, அந்த துறை டாக்டருங்க அமைப்பு) போட்டது, நடுவுல "அர்த்தம் தெரியல"ன்னு ஒரு வகை இருக்கும். அது காலப்போக்குல மாறும். அதனால தரத்தோட கூட அது முடிவான தேதியும் ஒரு காலம்.

ஒட்டுனதுக்கு அப்புறம், சரியா தான் ஒட்டியிருக்கோமான்னு ஜீனையே சாட்சியா கூப்புடலாம். ஃபைல்ல பொண்ணுன்னு இருக்கு, டேட்டால ஒய் குரோமோசோம் தெரியுதுன்னா அநேகமா எங்கயோ ட்யூப் மாறியிருக்கு. அண்ணன் தங்கச்சின்னு எழுதுன ரெண்டு சாம்பிள் சொந்தமே இல்லாத மாதிரி வந்தாலும் அப்படித்தான். வேற வேற பேருல இருக்குற ரெண்டு சாம்பிள் அச்சு அசலா ஒன்னா வந்தா, அது இரட்டையா இருக்கலாம், இல்ல ஒரே புள்ள ரெண்டு ஆஸ்பத்திரில பதிஞ்சதா இருக்கலாம். இதுல ஒரு கத்தி மேல நடக்குற விஷயம் இருக்கு, அப்பான்னு எழுதுனவரு அப்பா இல்லன்னும் சில நேரம் தெரிய வரும். இது நடந்தா என்ன பண்றதுன்னு மொத சாம்பிள் எடுக்குறதுக்கு முன்னாடியே எத்திக்ஸ் கமிட்டி கிட்ட முடிவு பண்ணி எழுதிடுங்க. எங்களோட முடிவு, அந்த குடும்பத்துக்கு யாரும் வாய் தொறக்குறது இல்ல, அப்பாவோட சாம்பிள் கணக்குல இருந்து மட்டும் அமைதியா வெளில போகும். அத பாக்குற உரிமை ரெண்டே பேருக்கு. கேன்டீன்ல பேசக்கூடாத விஷயம் இது.

அடுத்து பேரு ஊர மறைக்கிறது. ஸ்டடி நம்பர் குலுக்கல்ல வர்ற நம்பரா இருக்கட்டும். போன் நம்பர ஹேஷ் பண்ணி (கணக்கு போட்டு வேற எழுத்து வரிசையா மாத்தி) அதையே அடையாள எண்ணா வெச்சுக்கலாம்னு ஒரு தம்பி ஐடியா குடுத்தாரு. மொபைல் நம்பர் 10 இலக்கம், 6ல இருந்து 9 வரைக்கும் தான் ஆரம்பிக்கும், மொத்தமே 400 கோடி தான் வரும், எல்லாத்தையும் ஹேஷ் பண்ணி ஒத்துப்பாக்குறது ஒரு சாதா கம்ப்யூட்டருக்கு பெரிய வேலையே இல்ல. குலுக்கல் நம்பருக்கும் ஓபி நம்பருக்கும் பாலமா இருக்குற சாவி ஃபைல தனி கம்ப்யூட்டர்ல, பாஸ்வேர்டோட, டேட்டா இருக்குற எடத்துல இல்லாம வைங்க. தேதிங்கள எல்லாம் ஒரு புள்ளைக்கு ஒரே அளவுல தள்ளி விடுங்க, உதாரணத்துக்கு ஒரு புள்ளைக்கு எல்லா தேதியும் 43 நாள் பின்னாடி. அப்ப எத்தன மாசத்துல டெஸ்ட், எத்தன மாசத்துல மிஷின்ங்குற இடைவெளி கெடாது.

பின்கோடு வேணாம். 600013ன்னு போட்டா ராயபுரம்னு தெரிஞ்சுடும். மண்டலம் அளவுக்கு, திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டைன்னு வெச்சா கூட சில சமயம் ஜாஸ்தி. ஒரு மீனவர் குப்பத்துல ஒரே வூட்ல காது கேக்காத புள்ளைங்க மூணு, நடு புள்ளைக்கு மட்டும் முன் முடி வெள்ளைன்னு வைங்க, பேரே இல்லாம இத படிச்சாலும் அந்த ஏரியா டீக்கடைல ரெண்டு நிமிஷத்துல வூட்ட காட்டிடுவாங்க. இந்த மாதிரி அஞ்சு பேருக்கு கம்மியா விழுற எந்த கூட்டத்தையும் பக்கத்து கூட்டத்தோட சேருங்க, இல்ல அந்த விவரத்தையே எடுத்துடுங்க. சாதி பேரு ஜீன் ஆராய்ச்சிக்கு சில நேரம் தேவைப்படும்னு சொல்லுவாங்க, உண்மை தான், ஆனா "இந்த சாதில இந்த நோய்"னு ஒரு வரி வெளில போனா நாளைக்கு பொண்ணு பாக்குற எடத்துல அது பேசும். நாங்க வாங்கி வெக்கிறோம், வெளில குடுக்குற ஃபைல்ல அந்த காலமே கெடையாது.

அப்புறம் ஒளிஞ்சிருக்குற பேருங்க. ஆடியோகிராம் பிடிஎஃப் தலைல பேரு, சிடி ஸ்கேன் ஃபைலுக்குள்ள பேரு, விசிஎஃப்ல சாம்பிள் பேரு இருக்க வேண்டிய எடத்துல புள்ள பேரு, ஃபைல் பேரே "செல்வி பேபி ஃபைனல் 2". டாக்டர் எழுதுன குறிப்புல "அம்மா மணலில கம்பெனில வேலை"ன்னு ஒரு வரி. ஒவ்வொன்னா தொறந்து பாக்கணும், வேற வழி இல்ல.

இவ்ளோ பண்ணாலும் ஜீன் டேட்டா யாருதுன்னே தெரியாத டேட்டா ஆகாது. சரியா தேர்ந்தெடுத்த 30ல இருந்து 80 எடம் தெரிஞ்சாலே ஒரு ஆள தனியா காட்டிடும்னு 2004லயே கணக்கு போட்டு சொன்னாங்க. 2008ல, கூட்டி சராசரியா போட்ட டேட்டால கூட ஒரு ஆளு இருக்காரா இல்லையான்னு கண்டுபுடிக்கலாம்னு ஒரு கட்டுரை வந்து, அமெரிக்க அரசோட மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான என்ஐஹெச் பொதுவுல தொறந்து வெச்சிருந்த தொகுப்பு முடிவுங்கள மூடுனாங்க. அதனால முழு விசிஎஃப பொதுவுல தூக்கி போடவே கூடாது.

எங்க குடுக்கலாம்னா, மாற்றத்தோட பேரு, தரம், ஆதாரம் மட்டும்னா கிளின்வார்ங்குற பொது இணைய தொகுப்புல போடலாம், அதுல ஆள் விவரம் தேவையில்ல, உலகத்துல யாரு தேடுனாலும் கெடைக்கும். ஒவ்வொரு புள்ளையோட முழு டேட்டான்னா கேட்டு அனுமதி வாங்குறவங்களுக்கு மட்டும் தர்ற எடம் வேணும். நம்ம நாட்டுக்கு ஃபரிதாபாத்ல இந்தியன் பயலாஜிக்கல் டேட்டா சென்டர் இருக்கு, 2022 நவம்பர்ல தொறந்தாங்க, உயிரியல் டேட்டாவ பகிர்றதுக்கு 2021ல வந்த பயோடெக் பிரைடு வழிகாட்டுதல் படி நடக்குது. 10,000 பேரோட ஜீனோம் இந்தியா டேட்டாவும் அங்க தான் இருக்கு. அரசாங்க பணத்துல நடக்குற ஸ்டடின்னா அங்க சேக்க சொல்லுவாங்க, மொதல்லயே பட்ஜெட்ல ஆளும் நேரமும் போட்டு வைங்க. வெளிநாட்டு டீமோட கூட்டுன்னா சுகாதார அமைச்சகத்தோட ஸ்கிரீனிங் கமிட்டி அனுமதி வேணும், அதுக்கு மாசக்கணக்குல ஆகும், நடுவுல "ஒரு சின்ன ஃபைல் மட்டும் மெயில்ல அனுப்புங்க"ன்னு கேப்பாங்க, அனுப்பாதீங்க.

யாருக்கு குடுத்தாலும் ஒப்பந்தத்துல இருக்க வேண்டியது: எதுக்காக, யாரு யாரு கை வெப்பாங்க, ஆள கண்டுபுடிக்க முயற்சி பண்ண மாட்டோம், வேற யாருக்கும் கை மாத்த மாட்டோம், எப்ப அழிப்போம், கசிஞ்சா எத்தன நாள்ல சொல்லுவோம். ஃபைல பூட்டி அனுப்புங்க, பாஸ்வேர்ட அதே மெயில்ல அனுப்பாதீங்க, போன்ல சொல்லுங்க. செக்சம் எண்ண (ஃபைல வெச்சு கணக்கு போட்டு வர்ற சரிபார்ப்பு எண்) ரெண்டு பக்கமும் ஒத்துப்பாருங்க, இல்லன்னா பாதி ஃபைல் வந்தத முழு ஃபைல்னு நெனச்சு ஒருத்தர் ஆறு மாசம் வேலை பார்ப்பாரு. வாட்ஸ்அப் வேணாம். டாக்டர் கேட்டாலும் வேணாம்.

சாஃப்ட்வேர் ரெண்டு வரி: ஓபி டேட்டாவுக்கு ரெட்கேப், லாப நோக்கம் இல்லாத நிறுவனங்களுக்கு காசு இல்ல. அறிகுறியையும் ஜீனையும் ஒரே பொட்டலமா கட்ட ஃபீனோபாக்கெட், 2022ல ஐஎஸ்ஓ தரமாவே ஆயிடுச்சு. இதோட ஒரு டேட்டா அகராதி, அதாவது ஒவ்வொரு காலத்துக்கும் பேரு, அளவு, என்னென்ன வரலாம், காலின்னா என்ன அர்த்தம்னு. இது இல்லாம குடுத்தீங்கன்னா தினமும் ஒரு மெயில் வரும்.

குடுத்துட்டா முடியல. யாராச்சும் வந்து "எம் புள்ளையோடத எடுத்துடுங்க"ன்னா சாவி ஃபைல்ல நம்பர தேடி, அடுத்த வெர்ஷன்ல இருந்து நீக்கி, ஏற்கனவே வாங்குனவங்களுக்கு இந்த நம்பர அழிங்கன்னு எழுதணும், அதுக்கு தான் வெர்ஷனுக்கு எண்ணும் யாருக்கு எது போச்சுன்னு ஒரு நோட்டும். வெளில போயிட்ட ஆராய்ச்சி முடிவ திரும்ப வாங்க முடியாதுங்குறதையும் படிவத்துலயே நேர்மையா எழுதியிருக்கணும். புள்ளைக்கு 18 ஆனா அவங்க கிட்டயே திரும்ப கேக்கணும், அந்த தேதிய இப்பவே காலண்டர்ல போடுங்க.

கடைசியா அந்த 1555. ஆராய்ச்சில இது ஒரு புள்ளைக்கு தெரிஞ்சுதுன்னா, திரும்ப கூப்புடலாம்னு டிக் போட்ட குடும்பமான்னு பாத்துட்டு, அங்கீகாரம் வாங்குன லேப்ல புது ரத்தத்துல ஒரு தடவ உறுதி பண்ணிட்டு, டாக்டரே நேர்ல உக்கார வெச்சு சொல்லணும், நம்ம சொல்லக்கூடாது. நம்ம வேலை அந்தம்மா வழி சொந்தக்காரங்க லிஸ்ட பெடிக்ரீல இருந்து எடுத்து குடுக்குறது, ஆளுக்கு ஒரு கார்டு அடிக்கிறது. கார்டுல ஜீன் பேரு சின்னதா போதும், மருந்து பேருங்கள பெருசா தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் போடுங்க, லேமினேட் பண்ணுங்க, ஒரு ஓட்டை போட்டு குடுத்தீங்கன்னா ரேஷன் கார்டு வெக்கிற பைலயே மாட்டிப்பாங்க.